நீக்கிய வரி திரும்பி வந்தபோது: பாதுகாப்பு ஆலோசகராக உயர்ந்த வழக்கறிஞர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்த நிகழ்வு

அமெரிக்காவில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவிக்கு ராணுவத் தளபதிகளும் பேராசிரியர்களும் மட்டும் வருவதில்லை. வழக்கறிஞர்களும் கணிசமாக வந்திருக்கிறார்கள். கிளின்டன், ஒபாமா, பைடன் ஆகிய மூவரும் தங்கள் ஆட்சிக் காலத்தில் சட்டம் படித்தவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் இரண்டாவது ஆட்சிக் காலத்தில், 2005 முதல் 2009 வரை, அந்தப் பதவியில் இருந்தவரும் வழக்கறிஞர்தான். இந்த ஆய்வு அவரைப் பற்றியது. குறிப்பாக, அதற்கு முன்பு அவர் துணை ஆலோசகராக இருந்தபோது, 2002 அக்டோபரில் தம் மேற்பார்வையில் அதிபர் உரை ஒன்றிலிருந்து நீக்கப்பட்ட, ஈராக் ஆப்பிரிக்காவில் யுரேனியம் வாங்க முயன்றது என்ற தகவல் 2003 ஜனவரியில் அதிபரின் வாயிலிருந்தே வெளிவந்ததைப் பற்றியது.

சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் எல்லாம் பொதுப் பதிவில் இருக்கின்றன. ஆனாலும் அதிபர்களைத் தவிர மற்றவர்களைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன். பெயரைச் சொன்னவுடன் பேச்சு ஆளின் குணத்துக்குப் போய்விடுகிறது. இங்கே பார்க்க வேண்டியது ஒரு சந்தேகம் கோப்பில் எங்கே ஏறியது, எங்கே ஏறாமல் போனது என்பதை.

பின்னணி: வழக்கறிஞர் வந்த வழி

1947இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். 1969இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம், 1972இல் யேல் சட்டப் பள்ளியில் சட்டம். அப்புறம் கடற்படை அதிகாரியாகப் பென்டகனில் பகுப்பாய்வு வேலை. 1974 முதல் 1977 வரை, அதிபருக்குப் பாதுகாப்பு விஷயங்களில் ஆலோசனை சொல்லும் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் இளநிலை அலுவலர். அதன்பின் வாஷிங்டனில் ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்து பங்குதாரர் ஆனார். அரசு மாறும்போது வெளியே வந்து வழக்காடுவது, மறுபடி தம் கட்சி ஆட்சிக்கு வந்தால் உள்ளே போவது என்பது அந்த ஊர் வழக்கறிஞர்களுக்குப் பழகிய பாதை.

அவருடைய பணிவாழ்வில் நான் முக்கியமாகக் கருதுவது 1986–87. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகராகுவாவில் போராடிய கான்ட்ரா படைகளுக்குத் திருப்பிவிட்ட விவகாரம் 1986 நவம்பரில் வெடித்தது. அதைத் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலின் அலுவலர்களே நடத்தியிருந்தார்கள். விசாரிக்க அதிபர் ரீகன் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை நியமித்தார். டவர் குழு என்று அழைக்கப்பட்ட அந்தக் குழுவுக்குச் சட்ட ஆலோசகர்களில் ஒருவராக நம் வழக்கறிஞர் பணியாற்றினார்.

1987 பிப்ரவரி 26 அன்று வந்த அதன் அறிக்கை அதிகம் குறை சொன்னது நடைமுறையைத்தான். முடிவெடுக்கும் வழிமுறை மிகவும் தளர்வாக இருந்தது. என்ன பேசப்பட்டது, எது முடிவானது என்பதற்குப் போதுமான எழுத்துப் பதிவு இல்லை. சட்டக் கருத்து கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. ஆக, பதிவு இல்லாத முடிவு எப்படி ஓர் அதிபரையே ஆட்டம் காண வைக்கும் என்பதை 39, 40 வயதிலேயே பக்கத்தில் இருந்து பார்த்தவர் இவர். அதனாலேயே பின்னால் நடந்ததை அனுபவமின்மை என்று ஒதுக்கிவிட முடியாது.

1989 முதல் 1993 வரை பாதுகாப்புத் துறையில் உதவிச் செயலர். சோவியத் ஒன்றியத்துடனும் பின்பு ரஷ்யாவுடனும் செய்த அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தங்களில் உழைத்தார். பின்பு மறுபடி வழக்கறிஞர் தொழில். 2000 தேர்தலில் புஷ்ஷுக்கு வெளியுறவு ஆலோசனை சொன்ன சிறு குழுவில் இருந்தார். 2001 ஜனவரியில் தேசியப் பாதுகாப்புத் துணை ஆலோசகர் ஆனார்.

துணை ஆலோசகர் வேலை வெளியே தெரியாத வேலை. துறைகளின் இரண்டாம் நிலைத் தலைவர்கள் கூடும் குழுவை நடத்துவது, ஆலோசகரின் மேசைக்குப் போகும் தாள்களைச் சீர்செய்வது, அதிபரின் உரைகளில் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வரிகளைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது. இந்த மூன்றாவது வேலைதான் இங்கே விஷயம்.

அந்த வரி எங்கிருந்து வந்தது

சதாம் உசேனின் ஈராக், மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜரிடமிருந்து, அணுகுண்டுக்கு மூலப்பொருளாகக்கூடிய யுரேனியம் ஆக்சைடு வாங்க முயன்றது என்ற தகவல் 2001 இறுதியிலிருந்தே வெளிநாட்டு உளவுத் துறை ஒன்றின் வழியாக வாஷிங்டனுக்கு வந்துகொண்டிருந்தது. 2002 பிப்ரவரியில் சிஐஏ ஒரு முன்னாள் தூதரை நைஜருக்கு அனுப்பி விசாரித்தது. விற்பனை நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது அவர் முடிவு. ஆனால், 1999இல் ஈராக்கியக் குழு ஒன்று தம்மைச் சந்திக்க விரும்பியதாகவும், அது யுரேனியத்துக்காக இருக்கலாம் என்று தாம் நினைத்ததாகவும் நைஜரின் முன்னாள் பிரதமர் ஒருவர் சொன்ன செய்தியும் அந்த அறிக்கையில் இருந்தது. ஒரே அறிக்கையை இரண்டு தரப்பும் தனக்குச் சாதகமாக வாசிக்க முடிந்தது.

2002 செப்டம்பர் 24 அன்று பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ஆவணத்தில் ஆப்பிரிக்க யுரேனியம் பற்றிய வரி பகிரங்கமாக வந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்க உளவு அமைப்புகள் கூட்டாகத் தயாரித்த மதிப்பீட்டிலும் நைஜர் தகவல் இடம்பெற்றது. அதே மதிப்பீட்டில் வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு தன் மறுப்பையும் பதிந்திருந்தது: ஆப்பிரிக்காவில் ஈராக் யுரேனியம் தேடியதாகச் சொல்வது பெரிதும் சந்தேகத்துக்குரியது என்று. அந்த மறுப்பு பல பக்கங்கள் தள்ளி, வேறொரு பகுதியில் இருந்தது. அவசரத்தில் புரட்டுகிறவர் கண்ணில் அது படாமலேயே போகலாம்.

2002 அக்டோபர் 5–7: நீக்கம்

அக்டோபர் 7 அன்று சின்சினாட்டி நகரில் அதிபர் ஈராக் பற்றி முக்கியமான உரை ஒன்றை ஆற்றவிருந்தார். ஈராக் மீது படைபலம் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரும் வாரம் அது. உரையின் வரைவில், ஈராக் ஆப்பிரிக்காவிலிருந்து 500 டன் வரை யுரேனியம் ஆக்சைடு வாங்க முயன்று பிடிபட்டது என்ற வரி இருந்தது.

அக்டோபர் 5 அன்று சிஐஏயிலிருந்து துணை ஆலோசகருக்கும் உரை எழுதும் குழுவின் தலைவருக்கும் ஒரு குறிப்பு வந்தது. அந்த வரியை எடுத்துவிடுங்கள், அளவே சர்ச்சையில் இருக்கிறது, அந்த இடத்திலிருந்து அதைப் பெற முடியுமா என்பதும் கேள்விக்குரியது, ஈராக்கிடம் ஏற்கெனவே 550 டன் கையிருப்பில் இருக்கிறது என்று அது சொன்னது. அடுத்த வரைவில் 500 டன் என்ற எண் போனது. ‘கணிசமான அளவு’ என்று மாறியது. வரி மட்டும் இருந்தது.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சிஐஏ வரியையே எடுக்கச் சொன்னது. உரை எழுதியவர்கள் எண்ணை மட்டும் எடுத்தார்கள். ஆட்சேபத்தின் சாரத்தை விட்டுவிட்டு அதன் விளிம்பை மட்டும் திருத்தித் தருவது எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதான். ஆட்சேபித்தவர் இரண்டாம் முறையும் பார்க்காவிட்டால் அது அப்படியே போய்விடும்.

இங்கே பார்த்தார்கள். சிஐஏ இயக்குநர் துணை ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்தார். பின்னர் செனட் உளவுத்துறைக் குழுவிடம் அவர் கூறியபடி, இந்த விஷயத்தில் அதிபர் நேரடிச் சாட்சியாக நிற்கக் கூடாது, தகவல் பலவீனமானது என்று சொன்னார். சட்டம் படித்தவரிடம் சட்டத்தின் பாஷையிலேயே சொல்லப்பட்ட எச்சரிக்கை அது. பேச்சோடு நிற்காமல் அக்டோபர் 6 அன்று இரண்டாவது குறிப்பும் வந்தது. அதில் மூன்று காரணங்கள்.

முதலாவது, சான்று பலவீனம்: தகவல் தந்தவர் குறிப்பிட்ட இரண்டு சுரங்கங்களில் ஒன்று வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கிறது, மற்றொன்று பிரெஞ்சு அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இரண்டாவது, ஈராக்கிடம் ஏற்கெனவே பெரிய கையிருப்பு இருப்பதால் இந்த வாங்கல் அதன் அணுத் திட்டத்துக்குப் பெரிதாக உதவப் போவதில்லை. மூன்றாவது, ஆப்பிரிக்கக் கதை மிகைப்படுத்தப்பட்டது என்றும், பிரிட்டிஷாருடன் நாங்கள் மாறுபடும் இரண்டு விஷயங்களில் இது ஒன்று என்றும் நாடாளுமன்றத்திடமே சொல்லிவிட்டோம்.

அரசுக் குறிப்புகளில் இவ்வளவு தெளிவான ஒன்றை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வெள்ளத்தில் மூழ்கிய சுரங்கத்தை வைத்து வழக்கு நடத்த முடியாது என்று எந்த இளநிலை வழக்கறிஞருக்கும் தெரியும்.

துணை ஆலோசகர் எடுத்த முடிவு: வரியை நீக்கினார். அக்டோபர் 7 உரையில் அது இல்லை. அந்த நேரத்துக்கு அது சரியான முடிவு, சரியான காரணத்துக்காக எடுத்த முடிவு. ஆனால் நீக்கம் அந்த உரைக்கு மட்டுமே நடந்தது. இந்தத் தகவலை இனி அதிபர் உரைகளில் பயன்படுத்தக் கூடாது என்ற பொதுவான உத்தரவாக அது மாறவில்லை. குறிப்புகள் வெள்ளை மாளிகையின் கோப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தன.

அக்டோபர் முதல் ஜனவரி வரை: வரி வேறு வழிகளில் திரிந்தது

அதே அக்டோபரில், ரோமில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு இத்தாலியப் பத்திரிகையாளர் ஒருவர் மூலம், ஈராக்குக்கு யுரேனியம் விற்க நைஜர் ஒப்புக்கொண்டதாகக் காட்டும் ‘ஒப்பந்த’ ஆவணங்கள் வந்தன. டிசம்பர் 7 அன்று ஈராக் தன் ஆயுதங்கள் பற்றிய நீண்ட அறிக்கையை ஐ.நா.விடம் கொடுத்தது. அதில் விடுபட்டவை என்று டிசம்பர் 19 அன்று வெளியுறவுத் துறை வெளியிட்ட பட்டியலில் நைஜர் யுரேனியம் இருந்தது. ஜனவரி 23 அன்று ஆலோசகர், அதாவது நம் வழக்கறிஞரின் மேலதிகாரி, பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரையிலும் வெளிநாட்டிலிருந்து யுரேனியம் பெற ஈராக் செய்த முயற்சி பற்றிய குறிப்பு வந்தது.

ஓர் உரையிலிருந்து எடுத்த தகவல் வேறு தாள்களில் உயிரோடு இருந்தது. ஒவ்வொரு தாளும் அடுத்த தாளுக்கு ஆதாரம்போல ஆகிவிட்டது. அக்டோபர் குறிப்புகளை யாரும் அதோடு சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

2003 ஜனவரி: வரி திரும்பியது

ஆண்டுதோறும் அதிபர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடும் கூட்டத்தில் ஆற்றும் உரை ஜனவரி 28க்கு வைக்கப்பட்டிருந்தது. அதற்கான வரைவில் யுரேனியம் மறுபடி வந்தது. தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலின் அணு ஆயுதப் பரவல் தடுப்பு அலுவலரும் சிஐஏயின் துறைசார் தலைவர் ஒருவரும் அதைப் பற்றிப் பேசினார்கள். சரியாக என்ன பேசினார்கள் என்பதில் இருவர் நினைவும் பின்னால் ஒத்துப்போகவில்லை. முடிவில், வரி பிரிட்டிஷ் அரசின் மேல் ஏற்றப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கணிசமான அளவு யுரேனியத்தை சதாம் உசேன் அண்மையில் தேடியதாகப் பிரிட்டிஷ் அரசு அறிந்துள்ளது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் 16 சொற்கள்.

செனட் குழு 2004இல் விசாரித்துச் சொன்னது இது: இந்த உரையைச் சரிபார்க்கும்போது சிஐஏயில் யாரும் வரியை நீக்கச் சொல்லவில்லை, தகவலின் நம்பகத்தன்மை பற்றிய சந்தேகத்தையும் எழுப்பவில்லை. ஜனவரி 27 அன்று வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் சிஐஏ இயக்குநரின் கையில் உரையின் வரைவு தரப்பட்டது. அவர் அதைப் படிக்காமல், அலுவலகத்துக்குத் திரும்பி உதவியாளரிடம் கொடுத்தார். அக்டோபரில் தொலைபேசியில் அழைத்து அதிபரைக் காப்பாற்றியவர் அவர்தான். அதே அவர், ஜனவரியில் தாளைக் கையில் வைத்திருந்தும் படிக்கவில்லை. அவர் நேரம் ஒதுக்கி உரையைத் தாமே படித்திருக்க வேண்டும் என்று செனட் குழு எழுதியது.

துணை ஆலோசகரும் ஒப்புதல் தந்தார். அக்டோபர் தொலைபேசிப் பேச்சோ குறிப்புகளோ அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

நான் இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதிபர் நேரடிச் சாட்சியாக நிற்கக் கூடாது என்பது அக்டோபர் ஆட்சேபம். ஜனவரியில் பிரிட்டிஷ் அரசின் பெயரைச் சேர்த்ததும் அதிபர் நேரடிச் சாட்சி இல்லை, செவிவழிச் சாட்சி ஆகிவிட்டார். தாளில் பார்த்தால் ஆட்சேபம் தீர்ந்ததுபோலத் தோன்றும். நீதிமன்றத்தில் செவிவழிச் சாட்சியத்தின் மதிப்பு குறைவு; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிப்பார், நீதிபதி தடுப்பார். நாடாளுமன்றத்தில் அதிபர் பேசும்போது எதிரே அப்படி யாரும் இல்லை. கேட்கிறவர்கள் அதிபர் சொன்னார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதுவும், பிரிட்டிஷாரோடு இந்த விஷயத்தில் மாறுபடுகிறோம் என்று சிஐஏ எழுத்தில் கொடுத்திருந்தபோது, பிரிட்டிஷ் பெயரைப் போட்டு அந்த வரியைச் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரியாகவும் மொத்தத்தில் தவறாகவும் அமைந்தது. வழக்கறிஞர் மனம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுதான். வாக்கியத்தைக் காப்பாற்றுவது வேறு, வாக்கியத்தைக் கேட்கிறவரைக் காப்பாற்றுவது வேறு.

எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 5 அன்று வெளியுறவு அமைச்சர் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஈராக் பற்றி நீண்ட உரை ஆற்றினார். அதில் ஆப்பிரிக்க யுரேனியம் இல்லை. அவர் தம் உரையை வரி வரியாக சிஐஏ அலுவலகத்திலேயே உட்கார்ந்து சோதித்திருந்தார். அப்படியும் அந்த உரையின் வேறு பல கூற்றுகள் பின்னால் பொய்த்துப் போயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உட்கார்ந்து சோதித்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

மார்ச் முதல் ஜூலை வரை: வெளிவந்தது

மார்ச் 7 அன்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர், நைஜர் ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று பாதுகாப்பு அவையில் அறிவித்தார். அதே மாதம் 20ஆம் தேதி போர் தொடங்கியது.

ஜூலை 6 அன்று, நைஜருக்குப் போய்வந்த முன்னாள் தூதர் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். மறுநாளே, அந்த வரி உரையில் இருந்திருக்கக் கூடாது என்று வெள்ளை மாளிகை ஒப்புக்கொண்டது. ஜூலை 11 அன்று சிஐஏ இயக்குநர், உரைக்கு ஒப்புதல் தந்தது தம் அமைப்பு, பொறுப்பு தம்முடையது என்று அறிக்கை விட்டார். அரசியல் கணக்கில் விஷயம் அத்தோடு முடிந்துவிட்டதுபோல இருந்தது.

அப்போதுதான் அக்டோபர் குறிப்புகள் இரண்டும் வெள்ளை மாளிகைக்குள்ளேயே கண்டெடுக்கப்பட்டன.

ஜூலை 22: எடுத்த முடிவும் காரணமும்

துணை ஆலோசகர் முன் பல வழிகள் இருந்தன. பொறுப்பை சிஐஏ இயக்குநர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தார். குறிப்புகள் ரகசியத் தாள்கள். வெளியிடாமல் வைத்திருக்கக் காரணம் கிடைத்திருக்கும். வரி பிரிட்டிஷ் அரசைத்தான் மேற்கோள் காட்டியது, ஆகவே அது தவறில்லை என்று வாதாடியிருக்கலாம். அரசில் வேறு சிலர் அந்த வாதத்தைச் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள்.

ஜூலை 22 அன்று அவர் தகவல் தொடர்பு இயக்குநருடன் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். திரைக்குப் பின்னால் வேலை பார்த்தே பழகியவர் அவர். அதிபரின் உரைகளில் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பகுதிகளுக்குக் கவுன்சிலில் பொறுப்பான மூத்த அதிகாரி தாமே என்றார். அக்டோபரில் சிஐஏ எழுப்பிய சந்தேகம் ஜனவரியில் தமக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வந்திருந்தால் வரியை நீக்கச் சொல்லியிருக்கலாம் அல்லது சிஐஏ இயக்குநரை எச்சரித்திருக்கலாம் என்றும், அந்தப் பொறுப்பில் தாம் தவறிவிட்டதாகவும் சொன்னார். அதிபரிடமும் வருத்தம் தெரிவித்திருந்தார்.

இதை மனப்பூர்வமாக மதிக்கிறேன். தமக்கு எதிரான ஆவணத்தைத் தம் தரப்பிலிருந்தே வெளியே வைத்து, அதன் பொருளையும் தாமே சொன்னது சாதாரண விஷயமில்லை. ஆனாலும் அந்த விளக்கத்தில் ஒரு போதாமை இருக்கிறது. முழுப் பழியும் ஒரு மனிதரின் நினைவாற்றல் மேல் விழுந்தது. மூன்றரை மாதத்துக்கு முந்தைய ஒரு தொலைபேசி அழைப்பை, நூற்றுக்கணக்கான தாள்களுக்கு நடுவே ஒருவர் நினைவில் வைத்திருந்தால்தான் அதிபர் தப்பிப்பார் என்றால், அந்த ஏற்பாடு யார் வந்து உட்கார்ந்தாலும் ஒருநாள் கைவிடும். டவர் குழு 1987இலேயே சுட்டிக்காட்டிய நோயும் கிட்டத்தட்ட இதுதான்.

பின்விளைவுகள்

அவரை யாரும் பதவி நீக்கவில்லை. 2003 ஜூலை 30 அன்று ஆலோசகரும் தமக்குத் தனிப்பட்ட பொறுப்பு உண்டு என்றார். அதே நாள் செய்தியாளர் சந்திப்பில் அதிபரும் தாம் சொல்வதற்கெல்லாம் பொறுப்பு தம்முடையதே என்றார்.

முன்னாள் தூதரின் மனைவி சிஐஏயில் பணியாற்றியது பத்திரிகையில் வெளிவந்து, அதைப் பற்றிய விசாரணையில் துணை அதிபரின் தலைமை அலுவலர், அவரும் வழக்கறிஞரே, பொய்ச் சாட்சியம் சொன்னதாகவும் விசாரணைக்கு இடையூறு செய்ததாகவும் 2007 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார்.

யுரேனியத் தகவலின் கதியையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 2004 ஜூலையில் பிரிட்டனில் நடந்த பட்லர் விசாரணை, 1999இல் ஈராக்கிய அதிகாரிகள் நைஜர் போய்வந்ததை வைத்துப் பார்த்தால் பிரிட்டிஷ் அரசின் கூற்றுக்கு அடிப்படை இருந்தது என்றது. அதே ஆண்டு, போருக்குப் பின் ஈராக்கில் ஆயுதங்களை நேரில் தேடிய ஆய்வுக் குழு, 1991க்குப் பிறகு ஈராக் வெளிநாட்டில் யுரேனியம் தேடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. இரண்டையும் படித்த பின்பும் என் கணிப்பு மாறவில்லை. அக்டோபரில் பலவீனம் என்று எழுத்தில் சொல்லப்பட்ட தகவலை, புதிய ஆதாரம் எதுவும் இல்லாமல் ஜனவரியில் அதிபர் சொல்லியிருக்கக் கூடாது.

2005–2009: ஆலோசகராக

2004 நவம்பரில் அவரை ஆலோசகராக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. 2005 ஜனவரியில் பொறுப்பேற்றார். இந்தக் காலத்தில் அவருடைய வேலை முறையைக் காட்டும் ஒரு தாள் பொதுவெளியில் இருக்கிறது. 2006 அக்டோபர் இறுதியில் பாக்தாத் போய்வந்து, நவம்பர் 8 அன்று ஈராக் பிரதமரைப் பற்றி அதிபருக்கு ஒரு குறிப்பு எழுதினார். பாக்தாத் தெருக்களில் நடப்பதைப் பார்த்தால், பிரதமருக்கு நிலவரம் தெரியவில்லை, அல்லது தம் நோக்கத்தை மறைக்கிறார், அல்லது நல்ல நோக்கம் இருந்தும் நிறைவேற்றும் திறன் போதவில்லை என்று மூன்று சாத்தியங்களை வரிசைப்படுத்தினார். எதையும் முடிந்த முடிவாகச் சொல்லாமல், எதைச் செய்து பார்த்தால் எது உண்மை என்று தெரியும் என்பதையும் எழுதினார்.

அந்தக் குறிப்பு கசிந்து நவம்பர் 29 அன்று பத்திரிகையில் வந்தது. அன்று மாலை ஜோர்டானில் அதிபரும் ஈராக் பிரதமரும் மன்னருடன் சந்திப்பதாக இருந்தது ரத்தாகி, இருவரும் மறுநாள்தான் சந்தித்தார்கள். சங்கடம்தான். ஆனால் தாளாக அது நல்ல தாள். தெரிந்தது எது, தெரியாதது எது, சந்தேகம் எங்கே என்று மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. வெவ்வேறு துறைகள் தனித்தனியே செய்துவந்த ஈராக் மறுஆய்வுகளையும் அந்த மாதங்களில் அவர் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். கூடுதல் படைகளை அனுப்பும் முடிவை 2007 ஜனவரி 10 அன்று அதிபர் அறிவித்தார். அந்த முடிவு சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதை எடுத்த விதத்தில் மாற்றுக் கருத்துகள் மேசை வரை வந்தன என்பதை மறுக்க முடியாது.

பதவிக் கால இறுதியில், அடுத்து வரும் ஒபாமா குழுவுக்காக நாடு வாரியாக, பிரச்சினை வாரியாக 40 குறிப்புகளைத் தம் அலுவலர்களைக் கொண்டு தயாரிக்க வைத்தார். இதுவரை என்ன செய்தோம், எதற்காகச் செய்தோம், எது பாக்கி என்று. அவற்றில் பெரும்பகுதி பின்னர் ரகசியப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு 2023இல் நூலாக வெளிவந்தது. அக்டோபர் குறிப்புகள் காணாமல் கிடந்த அனுபவம்தான் இதற்குக் காரணம் என்று அவர் மனதைப் படித்துச் சொல்ல மாட்டேன். ஆள் மாறினாலும் விவரம் தாளில் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது.

என்ன மாற வேண்டும்

இந்த நிகழ்வை வைத்து, அரசு உரைகளைச் சரிபார்க்கும் எந்த அலுவலகத்துக்கும் நான் சொல்வது இவை.

நீக்கிய வரிகளுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். எந்த உரை, எந்தத் தேதி, யார் ஆட்சேபித்தார், என்ன காரணம், யார் நீக்கினார். அடுத்த உரையின் வரைவு வந்ததும் முதலில் ஒப்பிட வேண்டியது இந்தப் பதிவேட்டோடுதான். அக்டோபரில் அப்படி ஒன்று இருந்திருந்தால், ஜனவரியில் ஓர் இளநிலை எழுத்தரே அந்த வரியைப் பிடித்திருப்பார்.

ஒருமுறை நீக்கிய தகவல் மறுபடி வர வேண்டுமானால், அதை ஆட்சேபித்த அமைப்பே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். புதிய ஆதாரம் என்ன என்றும் சொல்ல வேண்டும். வேறொருவர் பெயரைச் சேர்த்துவிட்டால் பழைய ஆட்சேபம் தீர்ந்ததாகக் கொள்ளக் கூடாது.

ஆட்சேபிக்கிறவருக்கும் கடமை உண்டு. சிஐஏ அக்டோபரில் பேசியது, எழுதியது, தொடர்ந்து துரத்தியது. ஜனவரியில் அமைதியாக இருந்தது. முன்பே சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி அங்கே இருந்திருக்கலாம். எதிர்ப்பை ஒவ்வொரு வரைவிலும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. சலிப்பாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

கடைசியாக ஒன்று, வழக்கறிஞர்களுக்கு. கட்சிக்காரருக்காக ஒரு வாக்கியத்தை எதிர்த்தரப்பு உடைக்க முடியாதபடி எழுதுவது உங்கள் பயிற்சி. அரசில் அந்த இடத்துக்குப் போனால், எதிர்த்தரப்பின் வேலையையும் நீங்களே செய்ய வேண்டும். இந்தத் தகவலை வைத்து இளைஞர்களைப் போருக்கு அனுப்பலாமா என்று குறுக்கு விசாரணை செய்ய அந்த அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.